பயத்தக்கா நடந்து பார்த்த மாடி

என் அன்பு வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை, உன் தம்பி நேரத்தோடு வேலைக்குப் போகிறான், நேரத்தோடு திரும்புகிறான் என்று மட்டும் சொல்ல முடியாது, நானும் கையும் காலுமாக நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சளி இருமல் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் படுக்கும் முன்னால் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொண்டு நல்லபடி இருக்க வேண்டும். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எல்லாம் நல்லபடி என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, அதற்கு அப்படியே பழகிப்போய்விட்டது. எழுதும்போதுதான் கை கொஞ்சம் யோசிக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எனக்குப் பயமாக இருக்கிறது வாண்டு. நான் பல்லி விழுந்தாலே கட்டில்மேல் ஏறி நிற்கிறவள் என்று உனக்குத் தெரியும், கல்யாணமான புதிதிலேயே உன் அப்பா எனக்குத் தொடைநடுங்கி என்று பட்டம் கட்டிவிட்டார், அந்தப் பயமெல்லாம் வேறு, வரும், கத்துவேன், போய்விடும். இது நேற்றுச் சாயங்காலம் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது, இறங்கமாட்டேன் என்கிறது. ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

நீ கல்யாணமாகிப் போனபோது நம் தெரு இருந்த இருப்பு உனக்கு மறந்திருக்காது. பாதிக் கடைகள் ஷட்டர் இறக்கித் துருப்பிடித்துக் கிடந்தன, தெருவிளக்கு ஒன்று எரிந்தால் ஒன்று எரியாது, தெருக்கோடியில் அந்தப் பழைய பிஸ்கட் கிடங்கு கூரை பெயர்ந்து நின்றது, அதன் முற்றம் முழுக்க ஊர்க்குப்பை. வசதி வந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டை மாற்றிக்கொண்டு போனார்கள், போக வழியில்லாதவர்கள் நாம் மிச்சம். எதிர்வீட்டு டீச்சர் ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கத் தெரியாமல் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார் என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், யாராவது வந்து செய்வார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று, இனி நம் தெருவை நாமே பார்த்துக்கொள்வோம் என்றார். ஆனால் அந்த முதல் கூட்டத்தில் நடந்த ஒன்றை உன்னிடம் நான் சொன்னதே இல்லை, வெட்கம். இந்தத் தெருவில் எங்கே நடக்க உங்களுக்குப் பயம் என்று அவர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஆண்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்களுக்கென்ன பயம் என்றார்கள், பெண்கள் ஆண்களின் முகத்தைப் பார்த்துவிட்டு எங்களுக்கும் இல்லை என்றார்கள். நான் மட்டும் ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. மருந்துக்கடை முக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சந்து, ஆள் உயரச் சுவர் இருக்கிற அந்தத் திருப்பம், அடுக்கிக்கொண்டே போனேன். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு இடமாகக் காட்டச் சொன்னார். முக்கில் விளக்குப் போட்டார்கள், திருப்பத்துச் சுவரை இடுப்பளவுக்கு இடித்தார்கள், தொட்டிக்குப் பின்னால் சைக்கிள் ரிப்பேர்க்காரரை வந்து உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் பார்த்தால் நான் மட்டும் இல்லை, தெருப் பெண்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள் வருகிறார்கள். பயமே இல்லை என்று சொன்ன புண்ணியவதிகள்தான்.

அன்றிலிருந்து அது நம் தெருவின் முறையாகிவிட்டது. எந்த வேலை முடிந்தாலும் முதலில் நான் தனியாக நடந்து பார்க்க வேண்டும், துணைக்கு யாரும் வரக்கூடாது, துணை இருந்தால் பயம் தெரியாது என்பார் டீச்சர். எல்லோரும் தள்ளி நின்று காத்திருப்பார்கள். நான் திரும்பி வந்து பயமில்லை என்று சொன்னால் திறப்பு, இங்கே பயமாக இருக்கிறது என்றால் அதைச் சரிசெய்த பிறகுதான் திறப்பு. பிள்ளைகள் எனக்குப் பயத்தக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள், பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு, பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து எதற்காகத் திட்டு வாங்கினேனோ அதற்காக ஒரு தெருவே கைகட்டி நின்று காத்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் தலை கொஞ்சம் கனக்காது.

இப்போது அந்தக் கிடங்குக்கு வருகிறேன். குப்பையை அள்ளி, கூரையை மாற்றி, மழைத்தண்ணீர் பிடிக்கத் தொட்டி கட்டி, முற்றத்தில் செடி வைத்து, கீழே பொதுச் சமையலறையும் ஆளுக்கொன்றாக வாங்க முடியாத சாமான்களை வைத்துப் பகிர்ந்துகொள்ள ஓர் அறையும், மேலே மாடியில் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கூடமும் என்று திட்டம். அப்பா ஓய்வெடுக்க வேண்டிய வயதில் கொத்தனார் கரண்டியையும் மட்டத்தையும் திரும்பக் கையில் எடுத்தார், இருபது வயது குறைந்த மாதிரி சுவர் வைத்தார். மூன்றாம் வீட்டுத் தையல்காரம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், இரண்டும் துறுதுறு. அவள் சாயங்கால ஷிப்டுக்குப் போகும்போது இரண்டையும் வீட்டில் விட்டு வெளியே பூட்டிக்கொண்டுதான் போகிறாள், வேறு வழியில்லை. மாடிக் கூடம் திறந்தால் பிள்ளைகளை அங்கே விடலாம், டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் எப்பக்கா திறப்பீங்க, எப்பக்கா திறப்பீங்க என்று கேட்பாள். நாளைக்குத் திறப்பு. நேற்றுச் சாயங்காலம் நான் நடந்து பார்த்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும், அப்போதுதான் உனக்குப் புரியும். வேலை ஆரம்பித்தபோது மாடியைப் பார்க்கப் பொறியாளர் ஒருவர் வந்தார், தூண் தளம் எல்லாம் தட்டிப் பார்த்து உறுதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாறியது எல்லாம் என்னால் மாறியது. மாடியில் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது, அதிலிருந்து வெளியே ஓர் இரும்புப் படிக்கட்டு பின்சந்துக்கு இறங்கும். எவனாவது சந்து வழியாக ஏறி வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானே என்று எனக்குப் பயம், சொன்னேன். அப்பா அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். ஜன்னல்கள் தாழ்வு, பிள்ளைகள் எட்டிப் பார்த்து விழுந்துவிடும் என்று பயந்தேன், சொன்னேன். வெல்டிங் பட்டறைக்காரர், ஒரு துண்டு இரும்பைக்கூட வீணாக்கக்கூடாது என்கிறவர், அந்தப் பின்படிக்கட்டையே அறுத்து எடுத்து ஜன்னல்களுக்கெல்லாம் கிரில் அடித்துப் பற்றவைத்தார், காசு வாங்கவில்லை. கீழே அடுப்பு நடுக்கூடத்தில் இருந்தால் பிள்ளைகள் இடித்துக்கொள்ளும் என்று பயந்தேன், அடுப்பையும் சிலிண்டரையும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மூலைக்கு மாற்றினார்கள். ஒவ்வொன்றையும் செய்து முடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டி, இப்போது சரியா பயத்தக்கா என்று கேட்டார்கள். நானும் சரி சரி என்று தலையை ஆட்டினேன்.

நேற்று எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள், நான் படியேறிப் போனேன். கூடம் அழகாக இருந்தது வாண்டு, சுவருக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள், வெளிச்சம் வந்து தரையில் விழுந்தது, ஒரு மூலையில் சின்னச் சின்ன நாற்காலிகள். நான் நடுக்கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று அடித்தது, கதவு டமாரென்று சாத்திக்கொண்டது. போய் இழுத்துத் திறக்கலாம் என்றால் உள்பக்கம் கைப்பிடி இல்லை, தச்சர் வெளிப்பக்கம் மட்டும் போட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு, பெயிண்ட் அடித்த ஈரம் வேறு, நிலையோடு அப்பிக்கொண்டது. நகத்தை வைத்து இழுத்தேன், நகம்தான் போயிற்று. தட்டினேன், கத்தினேன், உன் அப்பாவைக் கூப்பிட்டேன். கீழே நாளைக்கு வைக்கப் போகிற ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்கிறோம் என்று பாட்டைப் போட்டுவிட்டார்கள், ஊரே அதிருகிறது, என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஜன்னலுக்கு ஓடினேன், கிரிலைப் பிடித்துக்கொண்டு கையை வெளியே நீட்டி ஆட்டினேன், எல்லோரும் பாட்டுப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை. பின்பக்கம் திரும்பினேன், கதவு இருந்த இடத்தில் சுவர். அப்போதுதான் கீழே இருக்கும் அடுப்பு எனக்கு நினைப்பு வந்தது. மாடிக்கு ஒரே படி, அந்தப் படிக்குக் கீழே சிலிண்டர். இந்தக் கூடத்தில் முப்பது பிள்ளைகள் இருக்கும்போது கீழே நெருப்புப் பிடித்தால் அதுகள் எந்த வழியாக வெளியே வரும். உள்ளே என்னென்ன வந்துவிடும் என்று ஒவ்வொன்றாகப் பயந்து பயந்து அடைக்கச் சொன்னவள் நான், வெளியே போக வழி வேண்டும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது, நான் ஒருத்திக்கு வைத்துக்கொள்ளவில்லை, தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து வைத்துவிட்டேன்.

பெயிண்டர் மறந்து வைத்த பிரஷை எடுக்க மேலே வந்தார், தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பாட்டை நிறுத்தினார்கள். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். டீச்சர் முகத்தில் மூன்று வருட அலைச்சல் தெரிகிறது, வெல்டிங்காரர் கையைக் கட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார், தையல்காரம்மா இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு முன்வரிசையில். உன் அப்பா தான் வைத்த சுவரைப் பார்ப்பது போல எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆனால் காது முழுக்க என்மேல். நான் என்ன சொன்னேன் தெரியுமா. பயமில்லை என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லவே எனக்குப் பயமாகிவிட்டது. இந்தத் தெருவில் எனக்கு இருக்கிற ஒரே வேலை அது ஒன்றுதான், அதைக்கூட நான் செய்யவில்லை.

இன்று காலையில் அப்பா காபி குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன். மாடிக் கதவில் உள்பக்கம் கைப்பிடி இல்லை, நேற்று மாட்டிக்கொண்டேன் என்றேன். கைப்பிடிதானே, தச்சர் வந்ததும் போட்டுவிடலாம், அதுவரை ஒரு கல்லை முட்டுக்கொடுத்தால் போச்சு என்றார். கைப்பிடி மட்டும் இல்லை, ஜன்னல், பின்வாசல், அடுப்பு எல்லாம்தான் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவருடைய கோபத்தைவிட வாட்டம்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. "எல்லாம் நீ கேட்டதுதானேடி? பின்வாசலை அடைக்கச் சொன்னது யாரு? இப்ப போய் இடிக்கச் சொன்னா அந்த மனுஷங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். நாளைக்குத் திறக்கிறார்கள், நேற்றே பயமில்லை என்று சொல்லியாயிற்று, இனி வாயை மூடிக்கொண்டிரு, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊர் சிரிக்கும் என்று சொல்லிவிட்டு நாற்காலி போட ஆள் கம்மி என்று கிளம்பிப் போனார். அவர் போன பிறகுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். இங்கே உட்கார்ந்து எழுத எழுத அந்த இரட்டைகள் கிரிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே கண்ணுக்குள் வருகிறது. ஸ்பீக்கர் சத்தம் இங்கே வரை கேட்கிறது. என்னால் முடியவில்லை, பேனாவை வைக்கிறேன், போய் எதையாவது சொல்லிவிட்டு வருகிறேன். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

போய்விட்டு வந்தேன். சாயங்காலமாகிவிட்டது. கையை நாலு தரம் கழுவியும் பெயிண்ட் போகவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பாதியில் நீ கோபித்துக்கொள்வாய், கோபித்துக்கொண்டாலும் முழுதும் படி. முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சரிடம் போய் ஆரம்பித்தேன், மாடி விஷயமாக ஒன்று என்று. நேற்றுதான் பார்த்தாயிற்றே, இன்றைக்கு வேண்டாம் பயத்தக்கா, தலைக்குமேல் வேலை இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே தோளில் தட்டினார். வெல்டிங்காரரிடம் கிரில் என்று வாயெடுத்தேன், அவர் அது ஆனை ஏறினாலும் அசையாது என்று பெருமையாகச் சொன்னார். வாயால் சொன்னால் இவர்கள் காதில் ஏறாது, நான் எப்போதும் பயப்படுகிறவள்தானே. அப்போது எனக்கு ஒரு புத்தி வந்தது, அது நல்ல புத்தியா கெட்ட புத்தியா என்று இன்னும் தெரியவில்லை. மேலே ஓர் இடத்தில் பயமாக இருக்கிறது, எல்லோரும் வந்து பார்த்தால்தான் தெரியும் என்று உரக்கச் சொன்னேன். முறை என்று ஒன்று இருக்கிறதே, நான் அப்படிச் சொன்னால் மறுக்க முடியாது. முணுமுணுத்துக்கொண்டே டீச்சர், வெல்டிங்காரர், பெயிண்டர், அப்பா, தையல்காரம்மா, நாற்காலி போட்டவர்கள் எல்லோரும் ஏறிப் போனார்கள். எங்கே பயம் என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்குள் போனார்கள். நான் கடைசியில் வாசலில் நின்றேன். வெளிப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன், கதவைச் சாத்திவிட்டேன்.

ஆமாம். சாத்தினேன். பெயிண்டர் காலையில் இன்னொரு கை பூசியிருந்தார், கதவு ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் இருக்கட்டும், நான் இருந்த நேரம் அவர்களும் இருந்து பார்க்கட்டும், பிறகு திறந்துவிடலாம் என்று படியில் உட்கார்ந்தேன். முதலில் உள்ளே யாரோ சிரித்தார்கள். பிறகு தட்டினார்கள். என் பேரைச் சொல்லி அப்பா கூப்பிட்டார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு குழந்தை அழுத சத்தம் கேட்டது. வாண்டு, எனக்கு உயிரே போய்விட்டது. தையல்காரம்மா பின்னாலேயே இரட்டைகள் இரண்டும் ஏறிப் போயிருக்கின்றன, பெரியவர்கள் காலுக்கு நடுவில் நான் கவனிக்கவில்லை. எழுந்து கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்ளே இழுக்கக் கைப்பிடி இல்லாததால் எல்லோரும் கதவுமேல் விழுந்து தள்ளுகிறார்கள், உள்பக்கமாகத் திறக்கிற கதவு, அவர்கள் தள்ளத் தள்ள அது இறுகுகிறது, நான் இந்தப் பக்கம் தள்ளுகிறேன், அவர்கள் அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள், நடுவில் பிள்ளைகள். தள்ளாதீர்கள், பின்னால் போங்கள் என்று கத்துகிறேன், பாட்டு என் சத்தத்தை விழுங்குகிறது. கீழே ஓடிப்போய் பாட்டை நிறுத்தலாமா, கதவை விட்டுவிட்டுப் போகலாமா, கை கால் ஓடவில்லை. நான் பூட்டியது விளையாட்டுக்கு, நிஜமாகவே பூட்டிக்கொண்டுவிட்டது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்கும் அந்த நடுவில் நான் போட்ட சத்தம் உள்ளே கேட்டிருக்கிறது. வெல்டிங்காரர் குரல், எல்லாரும் பின்னாடி நகருங்க, பிள்ளைங்களைத் தூக்குங்க என்று கேட்டது. தோளால் இடித்தேன், கதவு திறந்தது, நான் உள்ளே போய்க் குப்புற விழுந்தேன்.

யாருக்கும் அடியில்லை. பெண்பிள்ளைக்குக் கன்னத்தில் பெயிண்ட் அப்பியிருந்தது, அதைக் காயம் என்று நினைத்து அவள் அம்மா கதறிவிட்டாள், துடைத்த பிறகுதான் நிறுத்தினாள். நான் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன், இங்கதான் பயம் என்றேன். டீச்சர் முகம் வெளுத்திருந்தது, இப்படியா பண்றது என்று கேட்டுவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனார், அவரிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. தையல்காரம்மா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன். வெல்டிங்காரர் ஜன்னலுக்குப் போனார், தான் அடித்த கிரிலைப் பிடித்து ஒரு தரம் குலுக்கிப் பார்த்தார், அசையவில்லை. இறங்கிப் போய்க் கட்டிங் மிஷினோடு திரும்பி வந்தார். உன் அப்பா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். "என்னையே உள்ள வெச்சு சாத்திட்டியேடி" என்றார். திட்டுகிறாரா, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சம்மட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அவர் வைத்த சுவர் லேசில் விழவில்லை, நல்ல வேலைக்காரர் இல்லையா, சாயங்காலம் வரைக்கும் இடித்தார்.

நாளைக்குத் திறப்பு இல்லை. பின்வாசலுக்குத் திரும்பவும் படிக்கட்டு வைக்க வேண்டும், கிரிலை அறுத்த இரும்பு போதாது, இன்னும் தேட வேண்டும், ஜன்னலுக்குக் கீல் வைத்து உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி கம்பி போடுவதாக வெல்டிங்காரர் சொல்லியிருக்கிறார். கதவைக் கழற்றி வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றி மாட்ட வேண்டும். அடுப்பு முற்றத்துக் கொட்டகைக்குப் போகிறது. எத்தனை மாதம் ஆகுமோ. பொறியாளரைத் திரும்பக் கூப்பிடாமல் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார், எனக்கு இல்லை, அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னோடு எப்போது பேசுவார் என்று தெரியவில்லை. தையல்காரம்மா வீட்டுக்கு நானே போனேன், வாசலிலேயே நின்றேன். கூடம் திறக்கிற வரைக்கும் சாயங்காலத்தில் பிள்ளைகளை என்னிடம் விடு என்று கேட்டேன். "கதவைத் திறந்தே வெச்சிருப்பீங்களாக்கா?" என்று கேட்டாள். வைத்திருப்பேன் என்றேன். இப்போது இரண்டும் இங்கேதான் இருக்கின்றன, உன் பழைய அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கின்றன, விழுந்துவிடுமோ என்று எழுதிக்கொண்டே ஒரு கண்ணை அங்கேயே வைத்திருக்கிறேன். தெருக்கதவு அகலத் திறந்து கிடக்கிறது, போகிறவன் வருகிறவன் எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறான், அதற்கும் எனக்குப் பயம்தான். பின்சந்தை நினைத்தால் இன்னும் பயம், படிக்கட்டு வந்தால் அந்த வழியாக எவன் வருவானோ. அதற்கு விளக்கும், பக்கத்தில் ஆளும்தான் வழி, செங்கல் இல்லை என்று இப்போது தெரிகிறது, ஆனாலும் பயம் போகவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நீ இருக்கும் கட்டடத்தில் எத்தனை மாடி ஏறிப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும், நினைத்தாலே தலை சுற்றும். உங்கள் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, இன்னொரு படிக்கட்டு எங்கே இருக்கிறது, அதன் கதவை எவனாவது பூட்டி வைத்திருக்கிறானா, அங்கே சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடுக்கியிருக்கிறதா என்று மாப்பிள்ளையோடு சேர்ந்து ஒரு தரம் இறங்கிப் பார். லிப்ட் வேண்டாம், குட்டிப் பயலைத் தூக்கிக்கொண்டு நடந்தே இறங்கிப் பார். அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாதும்மா என்கிறாய், அது எனக்குப் பிடிக்கவேயில்லை. ஒரு வீட்டுக் கதவையாவது தட்டி யார் என்று கேட்டு வை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் உட்கார்ந்தேனோ என்னவோ. போன வாரம் நீ போனில் கேட்டாய், இவருக்கு இங்கேயே வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டித் தருகிறார்களாம், இருந்துவிடட்டுமா அம்மா, உனக்கும் அப்பாவுக்கும் பயமாக இருக்காதே என்று. எங்களுக்கென்ன பயம், தெருவே இருக்கிறது, இரு இரு என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். நேற்று மாடியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து சொன்னேனே, அதே மாதிரிதான் அதையும் சொன்னேன். உன் அப்பா இந்த முட்டியோடு ஏணி ஏறும்போதெல்லாம் எனக்குப் பயம். குட்டிப் பயல் என்னை யாரென்று கேட்டுவிடுவானோ என்று பயம். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்கு ஒன்று என்றால் நீ எத்தனை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பறந்து வருவாய் என்று கணக்குப் போட்டுப் பயப்படுகிறேன். உன்னை வா என்று சொல்லவில்லை. இரு, உங்களுக்கு எது நல்லதோ அதைச் செய். ஆனால் நீ கேட்டதற்குப் பதில் பயமில்லை என்பது இல்லை. பயமாக இருக்கிறது. தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள் இரண்டு பேரும், நான் சிரித்ததை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், கேட்டால் ஓடிவர நாலு பேர் சூழ இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்ந்தது, அவர் குளித்துக்கொண்டிருக்கிறார், தலையெல்லாம் செங்கல் தூசி. படிக்கட்டைப் பார்த்துவிட்டு மறக்காமல் எழுது, போனில் சொல்லாதே, போனில் நீயும் எல்லாம் நல்லபடி என்றுதான் சொல்வாய், என் வயிற்றில் பிறந்தவள்தானே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா